அம்மப்பாவின் ஏ40 சோமர்செற் பற்றி

தம்பி, நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான். கோண்டாவிலில் அம்மப்பாவின் வீட்டுக் கொட்டிலுக்குள் ஒரு பழைய ஒஸ்ரின் கார் நிற்கிறது. வீட்டில் எல்லோரும் அதை 'ஏ40' என்கிறார்கள். கொழும்பிலிருந்து ஒருவர் வந்து பார்த்து விலை கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். மாமா கொடுத்துவிடலாம் என்கிறார், அம்மா வேண்டாம் என்கிறார். இந்தக் காரில் அப்படி என்ன விசேஷம், இது மண்ணெண்ணெய்க்கென்றே செய்த எஞ்சினா, ஏன் யாழ்ப்பாணத்தில் இத்தனை மிஞ்சியது என்று கேட்டிருக்கிறீர்கள். விற்பதா வைப்பதா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கேள்விக்கு அடியில் கிடப்பது அதுதான் என்று எனக்குப் படுகிறது. அதற்கும் கடைசியில் வருகிறேன்.

நான் தொழில்நுட்பக் கல்லூரியில் மோட்டார் பொறிமுறை படித்து, பிறகு நெடுங்காலம் யாழ்ப்பாணத்தில் கராஜ் வைத்திருந்தவன். என் கையில் வந்த வண்டிகளில் பாதிக்கு மேல் ஒஸ்ரினும் மொறிசும்தான். காரின் தொழிற்சாலை வரலாறு எழுத்தில் இருக்கிறது, அதை உறுதியாகவே சொல்லலாம். மண்ணெண்ணெய்க் காலத்துக் கதைகளில் கண்டதும் கேட்டதும் கலந்து கிடக்கிறது. எது எதுவென்று பிரித்தே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் கார் எது என்று பார்ப்போம். 'ஏ40' என்ற பெயரில் ஒஸ்ரின் நிறுவனம் ஒன்றுபோல் இல்லாத பல கார்களை விற்றிருக்கிறது. அந்தக் காலத்தில் அவர்கள் எஞ்சினின் குதிரைவலுவை ஒட்டி எண் வைப்பார்கள், அதனால் நாற்பது குதிரைவலு வந்ததெல்லாம் ஏ40. 1947 இல் வந்தது டெவன். அதன் இரண்டு கதவுச் சகோதரன் டோர்செற். 1952 பெப்ரவரியில் டெவனின் இடத்துக்கு சோமர்செற் வந்தது. 1954 இல் கேம்பிரிட்ஜ் வந்தது, அதிலும் ஒரு ஏ40 உண்டு. பிறகு 1958 இல் பினின்ஃபரீனா வரைந்து கொடுத்த ஒரு சின்னக் காருக்கும் அதே ஏ40 என்ற பெயரை வைத்தார்கள். அதன் எஞ்சின் 948 சிசிதான், நாற்பது குதிரையும் அதில் இல்லை. ஊரில் எல்லாவற்றையும் 'ஏ40' என்றுதான் சொல்வோம். ஏ55 கேம்பிரிட்ஜைக்கூட அப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

நீங்கள் போட்ட படத்தில் முன் மட்கார்டின் வளைவு அப்படியே முன் கதவுக்குள் ஓடி இறங்குகிறது. உடம்பு முழுக்க உருண்டை, ஒரு நேர்கோடும் இல்லை. நான்கு கதவு. பொனற் நுனியில் பறக்கிற மாதிரி ஒரு 'ஏ' எழுத்து. இது சோமர்செற், சந்தேகமில்லை. டெவன் என்றால் முன் மட்கார்ட் தனியாகப் புடைத்து நிற்கும். கேம்பிரிட்ஜ் என்றால் பக்கங்கள் தட்டையாக, பெட்டி போல இருக்கும். நம்பர் தகடும் ஒத்துவருகிறது. 'ஈ-என்' என்று ஆங்கில எழுத்தில் தொடங்குகிறது. 1957, 58 இல் சிங்கள ஸ்ரீ எழுத்துத் தகடு வந்து, வடக்கில் அதற்கு எதிராகப் பெரிய போராட்டம் நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். உங்கள் கார் அதற்கு முன்பே பதிவானது. தகடு வண்டியோடுதான் போகும், ஆளோடு போகாது. ஆகவே தகடே ஒரு சாட்சி.

சோமர்செற்றைச் செய்தது பர்மிங்காமில் உள்ள லோங்பிரிட்ஜ் தொழிற்சாலை. போர் முடிந்து பிரித்தானியா கடனில் மூழ்கியிருந்த காலம். வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்கிற நிறுவனத்துக்குத்தான் அரசாங்கம் இரும்பு கொடுத்தது. அதனால் ஒஸ்ரின் தலைவர் லியனாட் லோர்ட் உள்ளூரை விட்டு வெளியூரைப் பார்த்தே கார் செய்தார். அந்த அலையில்தான் இலங்கைக்கும் ஒஸ்ரின்கள் கப்பலில் வந்து இறங்கின. சோமர்செற்றின் உருவம் டிக் பேர்சி என்ற வடிவமைப்பாளரின் கை. செலவைக் குறைக்க அதன் கதவுகளை ஒஸ்ரினின் பெரிய காரான ஏ70 ஹியர்ஃபோர்டுடன் பொதுவாக வைத்தார்கள். கொஞ்சம் குட்டையான காருக்குப் பெரிய காரின் கதவு. அந்தப் பொம்மைத்தனமான குண்டுத்தனம் அங்கிருந்துதான் வருகிறது. 1954 வரை ஒரு இலட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேல் செய்தார்கள். ஆகவே உலகக் கணக்கில் இது அபூர்வமான கார் இல்லை. விலை கேட்டவர் 'உலகத்திலேயே ஒன்றிரண்டுதான்' என்று சொல்லியிருந்தால் அதை நம்பவேண்டாம். பொதுவாக வாங்க வருகிறவர் அப்படிச் சொல்வதில்லை, விற்கிறவர்தான் சொல்வார்.

உள்ளே என்ன இருக்கிறது? நான்கு சிலிண்டர், 1200 சிசி, வால்வு மேலே இருக்கிற எஞ்சின். 42 குதிரைவலு. இன்றைய சின்ன மோட்டார் சைக்கிள்களில் சிலவே இதைத் தாண்டிவிடும். காரோ ஏறத்தாழ ஒரு தொன் நிறை. அதனால் மணிக்கு எழுபது மைலை நெருங்குவதே பெரிய காரியம். நின்ற இடத்திலிருந்து அறுபது மைல் வேகம் எடுக்க அரை நிமிடத்துக்கு மேல் வேண்டும். ஆனால் எஞ்சினின் குணத்தைப் பாருங்கள். சிலிண்டரின் விட்டம் 65.48 மில்லிமீற்றர், பிஸ்ரன் ஏறி இறங்கும் தூரம் 88.9 மில்லிமீற்றர். ஒடுக்கமான, நீண்ட சிலிண்டர். இப்படிப்பட்ட எஞ்சின் வேகமாகச் சுற்றாது, ஆனால் அடியில் இழுக்கும். நாலாம் கியரில் சைக்கிள் வேகத்துக்கு இறங்கிவிட்டு, கியர் மாற்றாமல் மறுபடி மெல்ல மிதித்தால் முனகிக்கொண்டே எழும்பும். ஒழுங்கைகளுக்குள் ஓட்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

கியர்த் தடி ஸ்ரியறிங் தண்டில் இருக்கிறது. நான்கு கியர், முதலாம் கியர் தவிர மற்ற மூன்றுக்கும் சின்க்ரோமெஷ் (கியர் உரசாமல் விழ உதவும் அமைப்பு) உண்டு. தரையில் தடி இல்லாததால் முன்னால் மூன்று பேர் நெருக்கி இருக்கலாம். வாடகைக்கு ஓடும் ஹயர் கார்க்காரர்களுக்கு அதுதான் இலாபம். முன் சக்கரங்களுக்குத் தனித்தனியாகச் சுருள்வில், பின்னால் தட்டுவில். பிறேக் நான்கு சக்கரத்துக்கும் ஹைட்ரோலிக் டிறம். முதலில் வந்த டெவன்களில் முன்னுக்கு மட்டும் ஹைட்ரோலிக், பின்னுக்குக் கம்பி. எல்லாவற்றுக்கும் அடியில் தனியான சசி, அதாவது காரைத் தாங்கும் இரும்புச் சட்டம், இருக்கிறது. உடம்பு அதன்மேல் பூட்டியது. அடுத்து வந்த கேம்பிரிட்ஜில் தனிச் சசி கிடையாது, உடம்பே சசி. இந்த ஒரு வித்தியாசம் பின்னால் யாழ்ப்பாணத்தில் எவ்வளவு முக்கியமாயிற்று என்பதற்கு வருகிறேன். 'அந்தக் காலத்து இரும்பு தடிப்பு, அதனால்தான் பழுதாகவில்லை' என்று ஊரில் சொல்வார்கள். தகரம் தடிப்பு என்பதைவிட, சுமையைத் தாங்கியது சசி என்பதுதான் காரணம்.

இன்னொன்று, பக்கத்துக்குத் திரும்ப லைற் மின்னாது. கதவுகளுக்கு நடுவே உள்ள தூணிலிருந்து ஒரு சின்னக் கை, உள்ளே விளக்கோடு, வெளியே நீளும். மழைக்காலத்தில் இது ஒட்டிக்கொண்டு வராது. உள்ளே இருந்து தூணில் கையால் ஒரு தட்டுத் தட்டினால் வெளியே வரும். பழைய டிறைவர்மாருக்கு அந்தத் தட்டு பழக்கமாகவே போய்விட்டது. வேலை செய்தாலும் தட்டுவார்கள்.

இந்தக் காருக்கு வெளியுலகில் ஒரு சுவையான பின்கதை உண்டு. ஜப்பானின் நிசான் நிறுவனம் 1952 டிசெம்பரில் ஒஸ்ரினோடு ஒப்பந்தம் செய்து, முதலில் சோமர்செற்றையும் பிறகு ஏ50 கேம்பிரிட்ஜையும் ஜப்பானில் பூட்டித் தயாரித்தது. நவீன முறையில் கார் செய்யும் பாடத்தின் பெரும்பகுதியை நிசான் அங்கேதான் படித்தது. பிறகு எழுபதுகளின் முடிவில் டட்சன்களும் நிசான்களும் இலங்கைக்கு வந்து ஒஸ்ரின்களை வீதியை விட்டு ஓரங்கட்டின. மாணவன் வந்து வாத்தியாரை வீட்டுக்கு அனுப்பின கதை. அதேபோல உங்கள் 1200 சிசி எஞ்சினின் அமைப்பிலிருந்துதான் 1954 முதல் 'பி' வரிசை என்ற எஞ்சின் குடும்பம் வளர்ந்தது. 1489 சிசி எஞ்சின் அந்தக் குடும்பம். கேம்பிரிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போட், இந்தியாவின் அம்பாசடர் எல்லாவற்றிலும் அதைக் காணலாம். சிலர் அம்பாசடரையும் ஏ40 ஐயும் ஒரே கார் என்பார்கள், அது பிழை. அம்பாசடர் என்பது மொறிஸ் ஒக்ஸ்போட் மூன்றாம் தொடர். எஞ்சின் வழியில் ஒன்றுவிட்ட சகோதரம், அவ்வளவுதான்.

இனி யாழ்ப்பாணம். ஏன் இத்தனை மிஞ்சியது? 'எங்கட ஆக்கள் பொருளைப் பேணிப் பாவிப்பார்கள்' என்பதுதான் எல்லோரும் சொல்லும் பதில். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் மாற்றி வாங்க வழியிருந்தால் பேணுகிறவனும் மாற்றியிருப்பான். வழி இரண்டு தடவை அடைபட்டது, அதுதான் காரணம் என்பது என் கருத்து. ஐம்பதுகளில் கார் வாங்குவதற்குக் கையில் காசு இருந்த வர்க்கம் ஒன்று இங்கே இருந்தது. மலாயாவில் வேலை பார்த்துப் பென்சனோடு திரும்பியவர்கள், அரச உத்தியோகத்தர்கள், டொக்டர்மார், சுருட்டு வியாபாரிகள். அறுபதுகளின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி தட்டுப்பட்டு, கார் இறக்குமதியை அரசாங்கம் ஏறக்குறைய நிறுத்திவிட்டது. 1977 வரை புதுக் கார் என்பது சாதாரண ஆளுக்குக் கனவு. நாடு முழுக்க இருந்த ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் அந்தப் பதினைந்து பதினாறு வருடமும் திருத்தித் திருத்தியே ஓடின. லேத்துப் பட்டறைக்காரர்கள் கெட்டிக்காரர்களானது அப்போதுதான். இறக்குமதிக் கதவு திறந்ததும் தெற்கில் ஜப்பான் கார்கள் குவிந்தன, பழையவை கழிந்தன. இங்கே அந்த அலை வந்து சேருவதற்குள் 1983 வந்துவிட்டது. பிறகு 1990 இல் பொருளாதாரத் தடை. இரண்டாம் கதவும் மூடியது. தெற்கில் காயலான் கடைக்குப் போன கார், இங்கே வீட்டுக்குச் சோறு போட்டது.

இப்போது மண்ணெண்ணெய். நீங்கள் கேட்டதில் உறுதியாகச் சொல்லக்கூடியது இது: சோமர்செற் மண்ணெண்ணெய்க்கென்று செய்த கார் இல்லை. பெற்றோல் கார். 'யாழ்ப்பாணத்துக்கென்று தனியாகச் செய்து அனுப்பினார்கள்' என்று ஒரு கதை உலாவுகிறது, கணக்கில் எடுக்கவேண்டாம். ஆனால் மண்ணெண்ணெயில் ஓடியது என்பது கதையில்லை. 1990 இல் இருந்து பெற்றோலும் டீசலும் வர விடவில்லை. மின்சாரமும் இல்லை. மண்ணெண்ணெய் மட்டும் அளந்து அளந்து, விலை ஏறி ஏறி, வீதியோரத்தில் போத்தல் கணக்கில் கிடைத்தது. கார், மோட்டார் சைக்கிள், தண்ணீர் இறைக்கிற மெஷின் எல்லாம் அதில்தான் ஓடின.

பெற்றோல் எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடுவதற்கு இரண்டு தடை உண்டு. ஒன்று, மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது, ஆகவே ஸ்ராட் எடுக்காது. இரண்டு, அதன் ஒக்ரேன், அதாவது அழுத்தத்தில் தானாக வெடிக்காமல் தாங்கும் அளவு, மிகக் குறைவு. பிளக் பொறியில் கிளம்பிய தீ சிலிண்டர் முழுக்கப் பரவுவதற்கு முன்பே, மிச்சம் அழுத்தத்தில் தானாகக் கண்டபடி வெடித்து, எஞ்சின் 'கிண் கிண்' என்று தட்டும். முதல் தடைக்குச் சூடு மருந்து, இரண்டாவதுக்குக் குறைந்த அழுத்தம் மருந்து. இது யாழ்ப்பாணத்தில் கண்டுபிடித்த விஷயம் இல்லை. பிரித்தானியாவில் பழைய பேர்கசன் ட்ராக்டர்களில் ஒரு வகை பெற்றோலில் ஸ்ராட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய் வகை எரிபொருளுக்கு மாறி உழுதது. அவற்றின் எஞ்சினை அதற்கென்றே அழுத்தம் குறைத்துச் செய்திருந்தார்கள்.

சோமர்செற் எஞ்சினின் அழுத்த விகிதம் (சிலிண்டருக்குள் வந்த கலவையை எத்தனை மடங்கு நெருக்குகிறது என்பது) ஏறத்தாழ 7 க்கு 1. எண்பதுகளின் ஜப்பான் கார்களில் 9 க்குக் கிட்ட. அதனால் அவை மண்ணெண்ணெய் குடித்ததும் தட்டித் தவித்தன, ஏ40 ஓரளவு பொறுத்துக்கொண்டது. காற்றும் எரிபொருளும் உள்ளே போகிற குழாயும், சூட்டுப் புகை வெளியேறுகிற குழாயும் எஞ்சினின் ஒரே பக்கத்தில் ஒட்டி இருப்பதால், ஓடத் தொடங்கியதும் உள்ளே போவதும் சுடும். அதுவும் உதவியது. பிளக்குகளுக்குப் பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்றிபியூட்டரைத் தளர்த்திக் கையால் கொஞ்சம் திருப்பி, பொறி வரும் நேரத்தைப் பிந்தி வைக்கலாம். இத்தனையும் இருந்தும் 7 என்பது மண்ணெண்ணெய்க்கு உண்மையில் அதிகம்தான். மலையகத்தில் ஒரு ஏற்றத்தில் இந்த வேலை செய்திருந்தால் பிஸ்ரன் உடைந்திருக்கும். குடாநாட்டில் ஏற்றமே இல்லை. பருத்தித்துறையில் இருந்து பண்ணை வரை தட்டை. எஞ்சினை முழுக்க வருத்துகிற சந்தர்ப்பமே வராது. ஒஸ்ரின்காரர் கொடுத்தது பாதி என்றால், மிச்சப் பாதியைக் கொடுத்தது இந்த மண்ணின் தட்டைத்தனம். இதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை, ஆனால் எஞ்சின் தெரிந்த எவரும் மறுக்கமாட்டார்கள்.

ஓட்டிய விதம் இப்படி. பின்னால் உள்ள பெரிய ராங்கிக்குள் மண்ணெண்ணெய். பொனற்றுக்குள் ஒரு சின்னப் போத்தலில் பெற்றோல், அதிலிருந்து ஆஸ்பத்திரிச் சேலைன் குழாய் ஒன்று, எரிபொருளைக் காற்றோடு கலக்கும் காபுரேற்றருக்கு. இரண்டுக்கும் நடுவே ஒரு திருகு. பற்றறி சார்ஜ் செய்ய மின்சாரம் இல்லாததால் பலர் முன்னால் ஹாண்டில் போட்டுத்தான் சுற்றினார்கள். பெற்றோலில் ஸ்ராட் எடுத்து, புகைக் குழாயின் சூட்டில் கையை வைக்க ஏலாத அளவுக்கு வந்ததும் திருகை மாற்றுவார்கள். எஞ்சின் ஒருமுறை இருமும், பின்னால் வெள்ளைப் புகை கிளம்பும், பிறகு அடங்கி ஓடும். வீட்டுக்குக் கிட்ட வந்ததும் மறுபடி பெற்றோலுக்கு மாற்றி, காபுரேற்றருக்குள் இருக்கிற மண்ணெண்ணெயை எரித்துத் தீர்த்துவிட்டே நிறுத்தவேண்டும். இல்லாவிட்டால் அடுத்தநாள் ஸ்ராட் எடுக்காது. பெற்றோல் பொன்னைப்போல இருந்த காலம், ஆகவே இந்தக் கடைசிப் படியைப் பலர் விட்டுவிடுவார்கள். அப்படிப்பட்ட கார்களுக்குக் காலையில் காபுரேற்றரின் வாயில் ஒரு கரண்டி பெற்றோல் நேரே ஊற்றி, ஒருவர் சுற்ற, ஒருவர் அக்சிலரேற்றரை மிதிக்க, பக்கத்து வீட்டாரும் எழும்பிவிடுவார்கள். இவை நான் கண்டவை. ஹெட் கஸ்கற் (எஞ்சினுக்கும் அதன் மேல்மூடிக்கும் நடுவே வைக்கும் தகடு) இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்து அழுத்தத்தைக் குறைத்ததாகவும் சொல்வார்கள். அது செய்யக்கூடிய காரியம்தான், என் கராஜில் நாங்கள் செய்ததில்லை. டீசல் கார்களில் மண்ணெண்ணெயோடு சமையல் எண்ணெய் கலந்தார்கள். வெறும் மண்ணெண்ணெய்க்கு வழுவழுப்புப் போதாது, டீசல் பம்ப் தேய்ந்துவிடும் என்பதால்.

மண்ணெண்ணெய் சும்மா விடவில்லை. எரியாமல் மிஞ்சியது சிலிண்டர் சுவரில் உள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். எந்தக் காரிலும் ஓட ஓட ஒயில் குறையும். இவற்றில் ஒயில் அளக்கும் கம்பியான டிப் ஸ்ரிக்கை இழுத்துப் பார்த்தால் ஒயில் மட்டம் ஏறியிருக்கும்! புதுப் பெடியன்கள் சந்தோஷப்படுவார்கள். விரலில் தேய்த்து மணந்து பார்த்தால் பாதி மண்ணெண்ணெய். பேரிங், றிங் எல்லாம் அதில்தான் தேய்ந்தன. ஆகவே உங்கள் அம்மப்பாவின் கார் தொண்ணூறுகளில் ஓடியிருந்தால், எஞ்சினுக்குள் தேய்மானம் இருக்கும் என்று எண்ணிக்கொண்டே தொடங்குங்கள். 1995 ஒக்ரோபர் முடிவில் வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது, இந்தக் கார்களில் கனக்க ஆட்களும் மூட்டைகளும் போயின. உங்கள் கார் போனதா, கொட்டிலிலேயே நின்றதா என்பது அம்மாவுக்குத்தான் தெரியும். கேட்டுப் பாருங்கள், மெக்கானிக்குக்கும் அது பயன்படும் தகவல்.

பாதை திறந்த பிறகு இரண்டு விஷயம் நடந்தது. 2002 இல் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி திறந்ததும் தெற்கிலிருந்து பழைய கார் சேர்ப்பவர்கள் வந்தார்கள். இடையில் பாதை மூடியிருந்து, 2009 க்குப் பிறகு இன்னும் வந்தார்கள். நல்லதுகள் பல அப்போதே போய்விட்டன. மற்றது, இங்கே மிஞ்சியவற்றில் பலவற்றுக்கு ஒரிஜினல் எஞ்சினைக் கழற்றிவிட்டு ஜப்பான் டீசல் எஞ்சின் வைத்துவிட்டார்கள். ஹயர் ஓடுகிறவருக்கு அது நியாயம்தான், குறை சொல்லமாட்டேன். ஆனால் சேர்ப்பவர் கொடுக்கிற விலை ஒரிஜினல் எஞ்சினுக்கு. அதனால் முதலில் பொனற்றைத் திறந்து பாருங்கள். எஞ்சின் இலக்கம் '1ஜி' என்று தொடங்கினால் நல்ல அறிகுறி. சசி இலக்கம் சோமர்செற் சலூனுக்கு 'ஜிஎஸ்4' என்று தொடங்கவேண்டும். இரண்டையும் வண்டிப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். புத்தகம் இன்னும் அம்மப்பாவின் பெயரில் இருந்தால், விற்பதென்றாலும் வைப்பதென்றாலும் அதை மாற்றுகிற வேலையை முதலில் தொடங்கவேண்டும்.

அடுத்து துரு. கடல் காற்று எங்களுக்கு எந்தப் பக்கமும் தூரமில்லை. முன் பக்கத்து மிதியடியைத் தூக்கி, தரைத் தகரத்தை ஸ்குறூ றைவரால் குத்திப் பாருங்கள். தகரத்தில் ஓட்டை விழுந்தால் பரவாயில்லை, வெட்டி ஒட்டலாம். கீழே படுத்து சசியைக் குத்தும்போது உள்ளே இறங்கினால்தான் யோசிக்கவேண்டும். தனிச் சசி என்பதன் பலன் இங்கேதான். உடம்பு எவ்வளவு கெட்டாலும் சசி நல்லதென்றால் கார் உயிர் பிழைக்கும். கேம்பிரிட்ஜ்காரர்களுக்கு அந்த வசதி இல்லை, தரை போனால் காரே போச்சு.

எங்கள் ஊருக்கே உரிய இன்னொரு வில்லங்கம் தண்ணீர். சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்றுத் தண்ணீர், கேத்தில் அடியில் வெள்ளையாய்ப் படிகிறதே, அதே படிவு றேடியேற்றருக்குள்ளும் எஞ்சினின் தண்ணீர்ப் பாதைக்குள்ளும் இருக்கும். நெடுங்காலம் நின்ற ஏ40 ஐ ஸ்ராட் எடுத்தால் பத்து நிமிடத்தில் கொதித்துவிடுகிறது என்றால், பெரும்பாலும் காரணம் அதுதான். றேடியேற்றரைக் கழற்றி, எஞ்சினையும் சேர்த்துக் கழுவவேண்டும். பிறகு ஊற்றுவது மழைத் தண்ணீர் அல்லது பற்றறித் தண்ணீர்.

தயவுசெய்து நேரே புதுப் பற்றறி போட்டு ஸ்ராட்டரை அமுக்கவேண்டாம். நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் ஒயில் விட்டு, ஓரிரு நாள் ஊறவிட்டு, ஹாண்டிலால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் பாதிக் கவலை தீர்ந்தது. பற்றறி பூட்டும்போது கவனம்: இந்தக் காரில் பற்றறியின் பிளஸ் பக்கம்தான் உடம்போடு பூட்டுவது. இன்றைய கார்கள் பழகிய பெடியன்கள் மைனசை உடம்போடு கொடுத்துவிடுவார்கள். இடையில் யாராவது வயரிங்கை மாற்றியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டே கை வையுங்கள். பிறேக் ரப்பர்கள் எல்லாம் இறுகிப்போயிருக்கும். அவற்றை மாற்றாமல் படலைக்கு வெளியே விடாதீர்கள், ஓடுகிறதே என்ற புளுகத்தில் பலர் அப்படிச் செய்து மதிலில் கொண்டுபோய்ச் சாத்தியிருக்கிறார்கள். ரயர் 5.25-16 அளவு, சாதாரணக் கடையில் கிடைக்காது. பெற்றோல் 92 தாராளமாகப் போதும். பிஸ்ரன் வேண்டுமென்றால் அம்பாசடருடையது போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஏறி இறங்கும் தூரம் இரண்டுக்கும் அதே 88.9 என்றாலும் அதன் விட்டம் 73 மில்லிமீற்றர்.

சரி, விற்பதா? ஒரிஜினல் எஞ்சின் இருந்து, சசியும் நல்லதென்றால், அவசரப்பட்டு முதலில் கேட்டவருக்கே கொடுக்கவேண்டாம். இன்னும் இரண்டு பேருக்குக் காட்டுங்கள். சசி கெட்டு, எஞ்சினும் மாறியிருந்தால், திருத்துகிற செலவு காரின் விலையைத் தாண்டும். அப்போது வைத்திருப்பது பாசத்துக்காக மட்டும்தான், அதை அம்மாவும் மாமாவும் தெரிந்துகொண்டு முடிவெடுக்கட்டும். ஒன்று மட்டும் நிச்சயம், கொட்டிலில் நிற்கிற காருக்கு ஒவ்வொரு மாரியும் ஒரு நட்டம். வைப்பதென்றால் இந்த மாரிக்கு முன்பே ரயரைத் தரையை விட்டுத் தூக்கிக் கட்டையில் நிறுத்துங்கள், கொட்டிலின் ஒழுக்கை அடையுங்கள்.

படத்தை வைத்து நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். பொனற்றுக்குள் உள்ள இலக்கத் தகடு, எஞ்சினின் இரண்டு பக்கம், கீழே படுத்து எடுத்த சசியின் முன்பாதி, டிப் ஸ்ரிக்கின் நுனி, இந்த நாலையும் படமெடுத்துப் போடுங்கள். ஹாண்டில் சுற்றியதா இல்லையா என்பதையும் எழுதுங்கள். மிச்சத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.